திறந்து வைத்தவர்

பதினேழாவது திறப்புக் கல் பொதுக் கழிப்பறையுடையது. நயினார் அண்ணாச்சி வாளித் தண்ணீரைக் கையால் அள்ளி விசிறி அடித்து, கொஞ்சம் ஊறவிட்டு, தகரத் துண்டால் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்ததும் தாள் மொத்தமாகக் கழன்று வந்தது, உள்ளேயிருந்து எட்டுப் பேர் வெளிப்பட்டார்கள். தலைமை ஒருவர், முன்னிலை மூவர், வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று ஆளுக்கொன்று, எல்லோருக்கும் மேலே பெரிய எழுத்தில் திறந்து வைத்தவர். உள்ளே இருக்கிற இடம் நான்கு பேருக்குத்தான், எட்டுப் பேரும் அன்றைக்கு என்ன செய்தார்களோ என்று சுகந்திக்கு நினைப்பு ஓடிச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அண்ணாச்சி என்ன மேடம் என்பார், விளக்க வேண்டியிருக்கும், அடக்கிக்கொண்டாள். தேர்தல் தேதி அறிவித்த கையோடு ஊரிலுள்ள அத்தனை திறப்புக் கற்களின் மேலும் தாள் ஒட்டி மறைத்தாயிற்று. பெயரைப் பார்த்து யாரும் ஓட்டை மாற்றிப் போட்டுவிடக் கூடாதாம். இப்போது ஓட்டு எண்ணி முடிந்து, தேர்தல் நடத்தை விதியும் விலகி, மறைத்ததை எல்லாம் மாநகராட்சி திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறது. பெரிய மனிதர்களின் கற்களை அவரவர் ஆட்களே முந்தாநாள் வந்து பிய்த்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நாதியில்லாத கற்கள்தான் மீதி. தோற்றவர்கள், கட்சி மாறியவர்கள், செத்துப்போனவர்கள், யாரென்றே தெரியாதவர்கள். இளநிலை உதவியாளர் சுகந்தி காலை ஏழு மணியிலிருந்து நாற்பத்தாறாம் வார்டில் சந்து சந்தாகப் புகுந்து அந்தக் கற்களைக் கண்டுபிடித்து நோட்டில் டிக் போட்டுக்கொண்டு வருகிறாள். பதினேழுக்கும் போட்டாள். இன்னும் ஒன்று பாக்கி, ஒன்றே ஒன்று.

எண் பதினெட்டு. பழைய பம்ப் ஹவுஸ், கிழக்குச் சுவர், கல் ஒன்று, மறைக்கப்பட்டது. மற்ற பதினேழுக்கும் நேரே விவரம் என்ற கட்டத்தில் யார் திறந்தது, எந்த வருஷம் என்று எழுதியிருக்கிறது. பதினெட்டுக்கு மட்டும் கட்டம் காலி. போன தேர்தல் நோட்டிலும் காலி, அதற்கு முந்தைய நோட்டிலும் காலி. அவள் பார்த்துவிட்டாள், முன்பே ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதிவறைக்குப் போய்த் தும்மிக்கொண்டே ஒவ்வொரு நோட்டாக எடுத்துப் பார்த்தாள். யாரோ ஒருவன் என்றைக்கோ எழுதிய வரியை அடுத்தவன் பார்த்து எழுத, அதை அதற்கடுத்தவன் பார்த்து எழுத, மறைக்கப்பட்டது, மறைக்கப்பட்டது, மறைக்கப்பட்டது. திறக்கப்பட்டது என்று ஒரு நோட்டிலும் இல்லை. வார்டுகளைப் பிரித்துக் கொடுத்த அன்று நாற்பத்தாறை அவளே கேட்டு வாங்கினாள். வாய்க்கால் நாற்றமும் கொசுவும், வேற வார்டே கெடைக்கலயா உனக்கு என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள். வேறு வார்டு நிறையக் கிடைத்தது. பழைய பம்ப் ஹவுஸை வருகிற திங்கட்கிழமை இடிக்க வேண்டும் என்ற உத்தரவை அவள்தான் தட்டச்சு செய்தாள், பம்ப் என்று அடித்தபோதே விரல் நின்றுவிட்டது. அந்தச் சுவரில் அவள் அப்பாவின் பெயர் பொறித்த கல் இருக்கிறது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அம்மா ஒருத்திதான் சொல்லியிருக்கிறாள். இன்றைக்குச் சனிக்கிழமை.

அப்பா மதகுக்காரர். வாய்க்கால் மதகின் இரும்புக் கதவை ஏற்றி இறக்குகிற வேலை. பெயர் சுடலைமுத்து. சுகந்திக்கு அப்போது ஒன்றரை வயது, முகம் ஞாபகமில்லை, ஒரு போட்டோ உண்டு, அதிலும் பாதி முகத்தில் வெயில். சின்ன வயதில் அம்மா சொன்ன கதை எப்போதும் ஒரே மாதிரி இருக்கும், ஒரு சொல் கூடாது குறையாது. ஐப்பசி மழை, வாய்க்காலில் தலைக்கு மேல் வெள்ளம், வாழை மரங்களும் கட்டில் ஒன்றும் அடித்துக்கொண்டு வந்து மதகில் அடைத்துக்கொண்டன, கதவு ஏறவில்லை, தண்ணீர் திரும்பி வெள்ளாந்தெருவுக்குள் ஏறுகிறது, வீடுகளுக்குள் பிள்ளைகள், அப்பா வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே இறங்கி அடைப்பை எடுத்தார், கதவு ஏறியது, தெரு பிழைத்தது, அவர் வரவில்லை. பிறகு அந்தத் தெருக்காரர்கள் கல் வைத்தார்கள், கல்லுக்கு மேல் மஞ்சள் துணி போட்டிருந்தது, கயிறு கட்டியிருந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா கதை அங்கே முடிந்துவிடும். ஆபீஸ் கோப்பின் கதை இன்னும் சின்னது. பணியின்போது கவனக்குறைவால் தவறி விழுந்து மரணம். வேலையில் சேர்ந்த முதல் மாதமே அந்தக் கோப்பைத் தேடி எடுத்து அவள் படித்தாள். விழுந்து. சொந்தக்காரர்களின் கதை அதைவிடச் சின்னது. கல்யாண வீட்டுப் பந்தியில் பெரியப்பா முறையுள்ள ஒருவர் இலைக்கு மேலேயே சொன்னார், "ஊத்திக்கிட்டுப் போயி விழுந்தான், வேறென்ன." பரிமாறிக்கொண்டிருந்த அம்மா ரசவாளியோடு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். மூன்று கதைகளில் எது என்று சுகந்தி முடிவு செய்யவே இல்லை. முடிவு செய்யாமலிருக்கத்தான் இத்தனை வருஷமும் இந்த வார்டுப் பக்கம் வராமலிருந்தாள் என்பதை இன்றைக்குத்தான் தனக்குத்தானே ஒப்புக்கொள்கிறாள். போன தேர்தலிலேயே வந்திருக்கலாம். அதற்கு முந்தைய தேர்தலிலும் வந்திருக்கலாம். தாளைக் கிழித்து, உள்ளே வெறும் பூச்சு இருந்தால்? அதோடு அம்மா பொய்க்காரி. தாள் இருக்கிற வரைக்கும் அம்மா பொய்க்காரி இல்லை.

"ஆட்டோவுல ஏறுதீங்களா, நடந்துருவோமா மேடம்? ரெண்டு தெருதான்" என்றார் நயினார் அண்ணாச்சி. நடப்போம் என்றாள், நடந்தால் கொஞ்சம் தள்ளிப்போகும். ஏணியும் வாளிகளும் ஏற்றிய குட்டி லாரி ஆட்டோ பின்னால் உருட்டிக்கொண்டு வந்தது. நோட்டில் இல்லாத கற்களும் காலையிலிருந்து அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன, ஒரு தடவை பார்க்கப் பழகிவிட்டால் ஊர் முழுக்கக் கல்தான். பழைய சந்தை வாசல் வளைவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சலவைக்கல், பெரிய யுத்தத்துக்கு இவ்விடமிருந்து போனவர் அறுபத்து மூன்று, திரும்பாதவர் ஒன்பது. யார் அந்த ஒன்பது என்றால் கல்லுக்குத் தெரியாது. கழிப்பறை திறந்த எட்டுப் பேருக்குத் தகப்பன் பெயர் முதல் எழுத்தோடு, படித்த பட்டத்தோடு பெயர் இருக்கிறது, செத்துப்போன ஒன்பது பேருக்கு எண்ணிக்கை. அதைத் தாண்டி ஒரு குதிரைத் தொட்டி, எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரன் செத்துப்போன பெண்டாட்டியின் நினைவாக வழிப்போக்கு மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் தண்ணீர் வைக்கக் கட்டியது, இப்போது அதில் யாரோ தண்டங்கீரை போட்டிருக்கிறார்கள், நன்றாகவே வந்திருக்கிறது. பெண்டாட்டிக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். அப்புறம் அந்தத் துவைகல். குழாயடியில் ஒருத்தி போர்வையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள், சோப்பு நுரை வழிந்து விலகிய இடத்தில் எழுத்து தெரிந்தது, னைவாக, அவ்வளவுதான், மீதியை நுரை மூடிக்கொண்டது. சுகந்தி நின்றுவிட்டாள். எத்தனை கல் இப்படிப் பெயர்ந்து துவைகல்லாகவும் சாக்கடை மூடியாகவும் கிடக்கிறதோ, அப்பாவின் கல்லும் அப்படி எங்காவது, இத்தனை வருஷம் யார் யாரோ அதன்மேல் அழுக்கை அடித்து... "என்ன வேணும்க்கா?" என்றாள் துவைக்கிறவள். ஒன்றுமில்லை என்றாள். கால் நடந்தது.

இந்தத் தெரு அவளுக்குத் தெரியும். தெரியாதது மாதிரி வந்தாலும் தெரியும். இதோ இந்த வளைவு, அப்போது இங்கே ஒரு சைக்கிள் கடை, காற்றடிக்கிற பம்பின் சத்தம். பதிமூன்று வயது. அப்பா போனபின் அம்மா பிறந்த ஊரில் போய் இருந்துவிட்டு, பெண்கள் விடுதியில் அம்மாவுக்குச் சமையல் வேலை கிடைத்துத் திரும்பி வந்த வருஷம். "அப்பா கல்லப் பாக்கப் போவோம், வா" என்று தலை வாரி, பூ வைத்து, புது ரிப்பன் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்தாள். சுகந்தி பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிவிட்டே வந்திருந்தாள், எங்கப்பாவுக்குச் சிலை இருக்கு என்று, கல் என்று அம்மா சொன்னது அவள் வாயில் சிலை ஆகியிருந்தது. பம்ப் ஹவுஸைச் சுற்றிப் புதிதாக மதில் கட்டியிருந்தார்கள், கேட்டில் ஒரு காவலாளி. கெஞ்சி உள்ளே போனால் சுவரில் ஒன்றுமில்லை, ஒரு ஆள் கை விரித்த அகலத்துக்கு வெள்ளையாக ஒரு திட்டு. அம்மா அந்தத் திட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, "இங்ஙனதான் இருந்துச்சு. இதுக்குள்ளதான் இருக்கு" என்றாள். "அது பூச்சும்மா, ஓதம் ஏறிப் பொருமி நிக்கி. தொடாத, எலக்சன் நேரம், சொவத்துல கை வச்சா என்னையக் கேப்பான்" என்றான் காவலாளி. அம்மா நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாள். அவன் கையைத் தட்டிவிட்டான், பெரிய அடி இல்லை, ஈயை ஓட்டுகிற அளவுதான், ஆனால் தட்டிவிட்டான். தெருவில் நாலு பேர் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தார்கள், பழைய ஆட்கள் யாருமில்லை, வீடுகள் கை மாறிவிட்டிருந்தன, எவருக்கும் சுடலைமுத்து யாரென்று தெரியவில்லை. பதிமூன்று வயதுக்கு அந்த நாலு பேர்தான் உலகம். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள், "சும்மா இரும்மா, கல்லும் இல்ல ஒண்ணும் இல்ல, பொய் சொல்லாத" என்றாள், சத்தமாகவே சொன்னாள். அம்மா திரும்பிப் பார்த்த பார்வை. திட்டவில்லை, அடிக்கவில்லை, அதற்குப் பிறகு அந்தக் கதையை ஒரு தடவைகூடத் தானாக எடுக்கவும் இல்லை. வழியில் ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்தாள். அந்தச் சர்பத்தை மிச்சம் வைக்காமல் குடித்தோமே என்பது இருபது வருஷம் கழித்தும் நாக்கில் இனிப்பாகவே நிற்கிறது, துப்ப முடியவில்லை.

பம்ப் ஹவுஸ் சின்னதாகிவிட்டது, அல்லது அவள் பெரியவளாகிவிட்டாள். மதில் பாதி விழுந்து கிடந்தது, காவலாளி இல்லை, கேட்டே இல்லை. கிழக்குச் சுவரில் வெள்ளைத் திட்டு இருந்தது. முன்பைவிடத் தடித்திருந்தது, சுவரிலிருந்து நாலு விரல் வெளியே தள்ளிக்கொண்டு. "இது எதுக்கு மேடம், திங்கக்கெழம மொத்தமா ஒடைக்கப் போறானுவ. டிக் போட்டுட்டு வாங்க, டீ குடிப்போம்" என்றார் அண்ணாச்சி. அப்படியே செய்யலாம் என்று ஒரு மனம் உடனே ஒப்புக்கொண்டது. டிக் போடு. டீ குடி. திங்கட்கிழமை சுவர் விழும், உள்ளே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, அம்மா அம்மாவாகவே இருப்பாள். பேனா நோட்டின் மேல் நின்றது. அம்மாவின் நகம் சுரண்டிய ஓரம் எது, வலது கீழா, இடது கீழா. "கிழிங்க அண்ணாச்சி" என்று சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அவர் தலையைச் சொறிந்தார். "லேசுல வராது. நாந்தான் இருபது வருசமா ஒட்டுதேன். பழசக் கிழிச்சுட்டு ஒட்டுனா கருங்கல்லுல பசை நிக்காது, மழைக்கு உரிஞ்சு வந்துரும். பழசு மேலயே ஒட்டுனா இரும்பு மாதிரி பிடிக்கும். மத்ததுக்கெல்லாம் நோட்டுல பேரு இருக்கு, எடுத்துருவோம். இதுக்குப் பேரும் இல்ல, கேட்டு ஒருத்தனும் வரல. அதனால மேல மேல போட்டுக்கிட்டே வந்தாச்சு." சுகந்திக்குக் காது அந்த ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டது. கருங்கல்லுல என்றார். பூச்சு என்று சொல்லவில்லை. "உள்ள கல்லா இருக்கு அண்ணாச்சி?" என்றாள். "இல்லாமயா நோட்டுல எழுதியிருக்கான்? எனக்கு முன்னால ஒட்டுன ஆளு சொல்லித்தான் எனக்கும் தெரியும். நான் பாத்ததில்ல, எனக்கு எழுத்துக் கூட்டவும் வராது."

நாலு வாளித் தண்ணீர் குடித்தது அந்தத் திட்டு. அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு இன்னொரு தகரத் துண்டை எடுத்தாள், அண்ணாச்சி வேண்டாம் வேண்டாம் என்றார், கேட்கவில்லை. முதல் பட்டை இந்த வருஷத்து வெள்ளைத் தாள், சுலபமாக வந்தது. அதற்கடியில் பழுப்பு உறைத்தாள், அது போன தேர்தல், அந்த வருஷம்தான் அம்மாவுக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்தது. அதற்கடியில் செய்தித்தாள், செயின் வாங்கினால் குத்துவிளக்கு இலவசம், அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம், முதல் பண்டிகைக்கு அம்மாவுக்கு எடுத்த சேலையை அம்மா இன்னும் மடிப்புக் கலைக்காமல் வைத்திருக்கிறாள். மைதாப் பசையின் புளித்த வாசனை வெயிலோடு கிளம்பியது, விரல்கள் வழுவழுத்தன. இன்னொன்று, இன்னொன்று. ஒரு பட்டை முழுக்க வெறும் எண்கள், என்றைக்கோ வந்த பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள், வரிசை வரிசையாகப் பொடி எண்கள், இப்படி ஒரு தாளில்தான் அம்மா அவள் எண்ணை விரல் வைத்துத் தேடினாள், படிக்காதவள், எண் மட்டும் தெரியும், தேடிக் கண்டுபிடித்து விரலை எடுக்கவே இல்லை, மை விரலில் ஒட்டிக்கொண்டது. ஒரு பட்டை நாள்காட்டியின் பின்பக்கம். ஒரு பட்டை சாக்குத் துணி, சுண்ணாம்பில் முக்கியது, அடேயப்பா, அதுதான் அந்தப் பதிமூன்று வயது வருஷமாக இருக்க வேண்டும், வலது கீழ் ஓரத்தில் சாக்கு நூல் பிரிந்து பிசிறு தெரிந்தது. நகம் சுரண்டியதா, எலி கடித்ததா, யார் கண்டது, அவள் நகம் என்றே வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருவர் வந்து அப்பாவுக்கு ஒரு போர்வை போர்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்னும் எத்தனை போர்வை அப்பா. சாக்கின் கீழ் முனையைப் பிடித்து அண்ணாச்சியும் அவளும் சேர்ந்து இழுத்தார்கள், டர்ரென்று கிழிந்து கீழ்ப்பகுதி மட்டும் கையோடு வந்தது, இருவரும் பின்னால் சாயப் போனார்கள். கருங்கல். பளபளவென்று கருங்கல். கடைசி வரி தெரிந்தது, அவள் வாய்விட்டுப் படித்தாள். ஏற்பாடு: மு. இராசபாண்டி, வட்டச் செயலாளர்.

அவள் கையிலிருந்த சாக்குக் கிழிசலைக் கீழே போட்டாள். கட்சிக்காரன் கல். எவனோ வட்டச் செயலாளர் எதையோ திறந்ததற்கு வைத்த கல், குழாயாக இருக்கும், தெருவிளக்காக இருக்கும், பதினேழோடு பதினெட்டு. அம்மா பார்த்தது இந்தக் கல்லைத்தான், எழுத்துத் தெரியாதவள், யாரோ சொன்னதை நம்பி, பாவம், பொய்கூட இல்லை, ஏமாந்துபோயிருக்கிறாள். எப்படிச் சொல்வது, சொல்லவே வேண்டாம், டிக் போடு, டீ குடி. "இதுக்குத்தான் மூடியிருக்கானுவ, கட்சிப் பேரு" என்றார் அண்ணாச்சி, ஒரு உண்மையைக் கண்டுபிடித்த நிம்மதியோடு, பேசிக்கொண்டே தகரத்தைக் கொடுத்து இன்னும் ஒரு சாண் நெம்பினார். சாக்கு மேலே சுருண்டது. அடுத்த வரியை அவள் படித்தாள். படித்து முடித்தபின் மறுபடி முதலிலிருந்து படித்தாள், எழுத்துக்கூட்டி, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி. திறந்து வைத்தவர்: திருமதி பேச்சியம்மாள் சுடலைமுத்து. பேச்சியம்மாள். அம்மா. இந்த ஊரில் காலையிலிருந்து எத்தனை திறந்து வைத்தவர்களைப் பார்த்தாயிற்று, பட்டம், பதவி, மாண்புமிகு, கௌரவ, எல்லாவற்றுக்கும் நடுவில் விடுதியில் சாம்பார் வைக்கிற பேச்சியம்மாள். அம்மா, அம்மா, இதை நீ சொல்லவே இல்லையே. மஞ்சள் துணி சொன்னாய், கயிறு சொன்னாய், கை தட்டினார்கள் என்றாய், கயிற்றை இழுத்தது யார் என்று நான் கேட்கவே இல்லையே. நம்பாத கதையில் யார் கேள்வி கேட்பார்கள். அவள் தகரத்தைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் சாக்கைப் பிடித்துப் பிய்த்தாள், நகம் ஒன்று மடங்கியது, வலிக்கவில்லை, இருபது வருஷமாக வெயில் படாத பச்சை எழுத்துகள் நேற்று எழுதியதுபோல ஈரத்தில் மின்னிக்கொண்டு ஒவ்வொரு வரியாக மேலே ஏறின. வாய்க்கால் பெருவெள்ளத்தில் மதகில் இறங்கி அடைப்பை எடுத்து 42 வீடுகளைக் காத்துத் தன் உயிரை விட்ட மதகுக்காரர் ச. சுடலைமுத்து நினைவாக வெள்ளாந்தெரு மக்கள் வைத்த கல்.

இறங்கி. இறங்கி என்று போட்டிருக்கிறார்கள். விழுந்து என்று இல்லை, தவறி என்று இல்லை, பார்த்தவர்கள் எழுதியது, நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்கள் கண்ணால் பார்த்து எழுதியது. கோப்பே, கேட்டுக்கொள். பந்தியில் உட்கார்ந்து பேசிய பெரியப்பாவே, கேட்டுக்கொள்ளும், என் அப்பா இறங்கினார். அவளிடமிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வெளியே வந்தது, தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார், பார்க்கட்டும், நாலு பேர் என்ன நாற்பது பேர் நின்று பார்க்கட்டும். "என்ன மேடம், என்ன எழுதியிருக்கு?" என்றார் அண்ணாச்சி. அவள் வாசித்துக் காட்டினாள், சத்தமாகவே வாசித்தாள், "இவர் எங்கப்பா" என்றாள். அவர் தகரத்தைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "நான்லா தாயி ஒட்டிக்கிட்டே இருந்திருக்கேன். இருபது வருசமா." அவர் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. மற்ற பதினேழு கல்லிலும் எழுத்து வெளுத்து, மழையில் கரைந்து, எச்சில் துப்பிக் கறையாகிக் கிடந்தது. இதில் மட்டும் வண்ணம் ஒரு பொட்டுப் போகவில்லை. "நீங்க ஒட்டுனதாலதான் அண்ணாச்சி இப்படி இருக்கு" என்றாள், ஆறுதலுக்குச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னாள். அப்புறம் செல்லை எடுத்து உதவிப் பொறியாளரைக் கூப்பிட்டாள், இதுவரை அவரிடம் சார் என்ற சொல்லைத் தாண்டி அதிகம் பேசியதில்லை. "திங்கக்கிழமை பழைய பம்ப் ஹவுஸ்ல கிழக்குச் சுவரத் தொடக் கூடாது சார். பதிவேட்டுல இருக்கிற நினைவுக்கல் இருக்கு. பெயர்த்து வேற இடத்துல வைக்க நான் இன்னைக்கே குறிப்பு எழுதுறேன், கையெழுத்துப் போடுங்க." அந்தப் பக்கம் என்ன கல் என்று ஏதோ இழுத்தார். "வந்து படிச்சுப் பாருங்க சார்" என்றாள். வைத்துவிட்டாள். நோட்டை விரித்து, விவரம் என்ற காலிக் கட்டத்தில் பொடி எழுத்தாக அத்தனை வரியையும் எழுதினாள், இடம் போதாமல் பக்கத்துக் கட்டத்துக்குள் போயிற்று, போகட்டும்.

டிக் மட்டும் போடவில்லை. இடுப்பில் இருந்த துப்பட்டாவை அவிழ்த்து, உதறி, கல்லின் மேல் போட்டு, இரண்டு முனையையும் சுவரின் பழைய ஆணிகளில் மாட்டினாள். "தெறந்தத ஏன் மூடுதீங்க?" என்றார் அண்ணாச்சி. ஆட்டோவை விடுதிக்கு அனுப்பினாள், அம்மாவுக்குப் போன் செய்து உடனே ஏறி வா என்று மட்டும் சொன்னாள், எதற்கு என்று சொன்னால் அழுதுவிடுவோம் என்று பயம். கால் மணி நேரத்தில் அம்மா வந்து இறங்கினாள், கையில் மஞ்சள் கறை, கொண்டையில் செருகிய பேனா, விடுதியில் பால்காரருக்குக் கோடு போட வைத்திருப்பது. "யாருக்கு என்னட்டி ஆச்சு? அடுப்புல கொழம்ப வச்சிட்டு வந்திருக்கேன்" என்று தொடங்கியவள் இடத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். தரையில் குவிந்து கிடந்த தாள்களைப் பார்த்தாள். சாக்கைப் பார்த்தாள். நீலத் துப்பட்டாவைப் பார்த்தாள். கிட்டே வந்து, துணியின் மேலாகவே உள்ளங்கையை வைத்தாள், அன்றைக்கு வைத்த அதே இடம். கல்லின் குளிர் தெரிந்திருக்க வேண்டும். "இருக்கா?" என்றாள், மெதுவாக. "இருக்கும்மா" என்றாள் சுகந்தி. "நீ சொன்னது அப்படியே இருக்கு. நான்தான் பொய்னு சொன்னேன். தப்பும்மா." அம்மா மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "மஞ்சத் துணில்லா போடணும், இது என்ன நீலத்தப் போட்டு வச்சிருக்க" என்றாள். அண்ணாச்சி சிரித்துவிட்டார். "இழும்மா, உன் பேருதானே போட்டிருக்கு, திறந்து வைத்தவர்னு. ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள் சுகந்தி.

"அது எழுதி வச்ச பேருட்டி" என்றாள் அம்மா. "கல்லு கொத்தித்தான கொண்டாருவான், முன்னக்கூட்டியே பேரு போட்டுட்டான். அன்னைக்கு என்னையக் கூப்பிட்டு நிறுத்துனாங்க, கயித்தக் கையில குடுத்தாங்க, எனக்குக் கை எங்க வந்துச்சு? நிக்கேன் நிக்கேன், கூட்டம் பூராம் பாத்துக்கிட்டு நிக்கி. நீ என் இடுப்புல இருந்த. ஒன்னரை வயசு. எட்டி அந்தக் கயித்தப் பிடிச்சு ஒரு இழு இழுத்த பாரு, துணி பறந்து போயி செயலாளர் தலையில விழுந்துச்சு. தெருவே சிரிச்சுக் கை தட்டுச்சு. செத்தவங்களுக்கு வச்ச கல்லுக்கு சிரிச்சுக் கை தட்டுனது அங்கதான் நடந்திருக்கும்." துப்பட்டாவின் ஓரத்தை நீவிவிட்டாள். "தெறந்தவளே இல்லன்னுட்டா, பெறகு நான் யார்ட்டப் போயி சொல்ல?" சுகந்தியின் வலது கை தானாக உயர்ந்தது. அம்மா அந்தக் கையைப் பிடித்துத் துப்பட்டாவின் முனையில் வைத்து, மேலே தன் கையையும் வைத்தாள், மஞ்சள் வாசனையும் மைதாப் பசை வாசனையும் கலந்து அடித்தது. "ம், இழு" என்றாள். சுகந்தி இழுத்தாள். ஆட்டோக்காரரும் நயினார் அண்ணாச்சியும், வேடிக்கை பார்க்க நின்ற தெருக்காரர்கள் ஆறேழு பேரும், எதற்கென்று தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். அவள் நோட்டைத் திறந்து பதினெட்டுக்கு நேரே மறைக்கப்பட்டது என்றிருந்ததை ஒரே கோடாக அடித்துவிட்டு, திறக்கப்பட்டது என்று எழுதினாள்.